பத்தரை மணிச் சுதந்திரம்

எங்கள் குடியிருப்புக்குச் சுதந்திரம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாள்வரை தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

அயனம்பாக்கம் ஏரிக்கு எதிரே எங்கள் ‘ஏரிமுகம் அபார்ட்மெண்ட்ஸ்’ இருக்கிறது. ஏரி தெரியாது. வாங்கும்போது தெரிந்தது, பிறகு நடுவில் இன்னொரு ஏரிமுகம் கட்டிவிட்டார்கள். தரைத்தளமும் மூன்று மாடியுமாக முப்பத்திரண்டு வீடுகள். லிஃப்டுக்கு இடம் விட்டிருக்கிறார்கள், அதில் சைக்கிள் நிறுத்துகிறோம். கீழே ஒரு சம்ப், மேலே ஒரு தொட்டி, இரண்டுக்கும் நடுவே ஒரு மோட்டார், மோட்டாருக்கு ஒரு முனியன். முனியன் எங்கள் காவலாளி. காலை ஐந்து மணிக்கு மோட்டார் அறைக்குள் போய் சுவிட்சை மேலே தள்ளுவார். ஆறு மணிக்குக் கீழே தள்ளுவார். ஒன்பது வருஷமாக இதைத் தவிர எங்களுக்குத் தண்ணீரைப் பற்றி எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை.

அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவர் முதல் மாடி தேவா. பெரிய மென்பொருள் நிறுவனத்தில் பெரிய வேலை. வீட்டிலிருந்தே வேலை, ஆகவே எங்களைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரம் இருந்தது. பழைய நலச்சங்கத்தைக் கலைத்து ‘திறந்தமூல நீர் மன்றம்’ என்று ஒன்றை ஆரம்பித்தார். மோட்டாரைத் தானாக ஓட்ட ‘ஊற்று’ என்று ஒரு மென்பொருளும் எழுதினார். மன்றத்தின் தலைவரும் அவரே. பதவியின் பெயர் ‘வாழ்நாள் கனிவுத் தலைவர்’. திறந்தமூல உலகத்தில் இப்படித்தான் வழக்கமாம். தேர்தல் கிடையாது, கனிவு உண்டு.

திறப்பு விழாவில் தேவா பேசினார். “இதுவரைக்கும் நம்ம தண்ணி ஒரு தனிமனிதர் கையில இருந்துச்சு. அவர் எப்ப மோட்டார் போடுறார், ஏன் போடுறார்னு நம்ம யாருக்கும் தெரியாது. அது மூடிய அமைப்பு. ஊற்று அப்படி இல்ல. அதோட ஒவ்வொரு வரியும் எல்லார் பார்வைக்கும் திறந்திருக்கு. உங்களுக்கு நாலு சுதந்திரம் தர்றோம். ஓட்டலாம், படிக்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம்.”

அந்தத் தனிமனிதர் யாரென்று முனியன் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

“அஞ்சுக்கு போடுவேன், ஆறுக்கு நிறுத்துவேன் சார். இதுல மூடுறதுக்கு இன்னா கீது?” என்றார். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை. சுவிட்சைக் கழற்றிக் குப்பையில் போட்டார்கள். மன்றத்தின் ஆவணத்தில் முனியனின் பதவி ‘மனிதவழி மாற்று ஏற்பாடு, ஓய்வில்’ என்று மாற்றப்பட்டது. வாசலில் உட்காரும் வேலை மட்டும் அப்படியே இருந்தது.

மறுநாள் முதல் மோட்டார் காலை பத்தரைக்கு ஓடியது.

இதைப் பெரும்பாலோர் கவனிக்கவேயில்லை. எங்கள் குடியிருப்பில் பாதிப்பேர் அமெரிக்காவுக்காக ராத்திரி உழைத்துவிட்டுப் பதினொரு மணிக்குப் பல் தேய்ப்பவர்கள். தரைத்தளத்தில் இருக்கும் எனக்கும் பிரச்சினையில்லை. தொட்டியில் கடைசியாக மிஞ்சுவது எங்கள் குழாய்க்குத்தான் இறங்கும். கரையான்சாவடியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கும் ரவிச்சந்திரன் ஆகிய நான் வழக்கம்போல் குளித்துவிட்டு வழக்கம்போல் போனேன். மூன்றாம் மாடியில் மட்டும் காலை ஐந்தரைக்குக் குழாயைத் திறந்தால் காற்று வந்தது. பத்தரைக்கு ஏறும் தண்ணீரும் பதினொரு மணிக்காரர்களுக்கே சரியாகப் போயிற்று.

மூன்றாம் மாடியில் பக்தவத்சலம் இருந்தார். ஆவடிப் பக்கம் பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டர். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தவர். மனைவி ஜெகதாம்பாள். ஒரே மகள் லாவண்யா, பூந்தமல்லி தாண்டிக் கட்டிக்கொடுத்திருந்தார்கள், இப்போது ஏழு மாதக் கர்ப்பம். வளைகாப்பு முடிந்துவிட்டது. பிரசவம் ஆனதும் பிள்ளையோடு அம்மா வீட்டுக்கு வருவதாகப் பேச்சு. ஜெகதாம்பாள் அதற்காகப் பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து அடுக்கி வைத்திருந்தார். துவைத்த தண்ணீர் கீழிருந்து பக்தவத்சலம் அறுபத்தெட்டுப் படி தூக்கி வந்தது.

ஒரு வாரம் தூக்கிவிட்டு அவர் தேவாவிடம் போனார்.

“தம்பி, மோட்டார் டைம கொஞ்சம் முன்னாடி தள்ளி வெச்சுடு.”

தேவா கனிவோடு சிரித்தார். “அங்கிள், இது பழைய காலம் மாதிரி ஒருத்தர்கிட்ட போய்க் கேக்குற விஷயம் இல்ல. நீங்களே மாத்தலாம். உங்களுக்கு அந்தச் சுதந்திரம் இருக்கு.”

“அப்படியா? சரி, எங்க கீது, காட்டு, மாத்திட்டுப் போறேன்.”

“அதுக்கு முன்னாடி ஒரு ஈஷூ போடணும்.”

புகாருக்கு அவர்கள் பாஷையில் ஈஷூ என்று பெயர். அதற்கு ஒரு படிவம் இருந்தது. பக்தவத்சலம் செல்போனில் ஒற்றை விரலால் நிரப்பினார்.

‘நீங்கள் எதிர்பார்த்தது என்ன? தண்ணி. உண்மையில் நடந்தது என்ன? காத்து. பிழையை மீண்டும் நிகழ வைப்பது எப்படி? குழாயைத் திறக்கவும். எந்தச் சூழலில் நிகழ்கிறது? வீட்டில் சம்சாரம் கோபமாக இருக்கும் சூழலில்.’

ஒன்பதாவது நாள் பதில் வந்தது. எழுதியவர் சிவராமன். மன்றத்தின் பராமரிப்பாளர்கள் மூவரில் ஒருவர், ஒழுங்குமுறைக்குப் பொறுப்பு, தரைத்தளத்தில் என் பக்கத்து வீடு. ‘சோதித்துப் பார்த்தேன். என் கணினியில் ஊற்று சரியாக வேலை செய்கிறது. முடித்து வைக்கப்பட்டது.’

பக்தவத்சலம் படியிறங்கி வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார். “ரவி, நீ படிச்சவன். ஒண்ணு சொல்லு. இவன் கம்ப்யூட்டர்லயா குளிக்கிறான்?”

உட்காரச் சொன்னேன். காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். எங்கள் வீட்டில்தான் தண்ணீர் இருந்ததே.

அவருக்கு உதவிக்கு வந்தது இரண்டாம் மாடி சபீனா. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. அந்தப் பெண் எந்த மன்றத்திலும் இல்லை. ஆனால் பல வருஷமாகப் பிரிண்டர்களை ஓட்டும் ஏதோ ஒரு திறந்தமூல மென்பொருளில் வாரக்கடைசியில் உட்கார்ந்து பிழை திருத்துகிறவள். அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. ஊற்றின் வரிகளைத் திறந்து இரண்டு நிமிஷம் பார்த்தாள்.

“அங்கிள், நேரம் சரியாத்தான் போட்டிருக்காங்க. அஞ்சு மணின்னுதான் இருக்கு.”

“அப்புறம்?”

“லண்டன்ல அஞ்சு மணி. மெஷின்ல அந்த ஊர் கடிகாரம் ஓடுது. அங்க அஞ்சுன்னா இங்க பத்தரை.”

பக்தவத்சலம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “லண்டன்காரன் எழுந்துக்கிற நேரம் பாத்து அயனம்பாக்கத்துல மோட்டார் ஓடுதா?”

“ஆமா அங்கிள். ஒரு வரிதான் தப்பு. பாருங்க, இதுதான் இந்தக் கட்டற்ற மென்பொருளோட அழகு. வேற கம்பெனி பொருளா இருந்தா உள்ள என்ன இருக்குன்னே தெரியாது, கும்பிட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும். இது திறந்திருக்கறதாலதான நாம கண்டுபிடிச்சோம்?”

அவள் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது. தொழிற்சாலையில் எந்த எந்திரத்தையும் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார் என்று பெயர் வாங்கியவர். அவள் சொல்லச் சொல்ல அவரே அந்த வரியை மாற்றினார். ஐந்து மணியை எடுத்துவிட்டு லண்டன் கணக்குக்கு 23:30 என்று போட்டார். திருத்தம் அவர் பெயரில் மன்றத்துக்குப் போயிற்று. அன்று ராத்திரி ஜெகதாம்பாளிடம், “நாளைக்கு தண்ணி வந்துரும்” என்றார்.

திருத்தம் யாரும் அனுப்பலாம். அதைச் சேர்ப்பது மட்டும் பராமரிப்பாளர்கள் மூவர். தேவா, சிவராமன் போக, மூன்றாமவர் கனடாவில் இருக்கும் ஒரு வீட்டு உரிமையாளர்.

முதலில் ஒரு ஒப்பந்தம் வந்தது, பதினொரு பக்கம். தான் எழுதிய ஒரு வரியின் மீதான சகல உரிமைகளையும் உலகம் உள்ளவரை மன்றத்துக்கு எழுதிக் கொடுப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டார். வீட்டை வாங்கும்போதுகூட இத்தனை கையெழுத்துப் போடவில்லை என்றார். பிறகு பரிசீலனை. நாற்பத்தொரு கருத்துகள். முப்பத்தெட்டு, அந்த வரியின் ஆரம்பத்தில் விட வேண்டிய இடைவெளி இரண்டு எழுத்தா நான்கு எழுத்தா என்பது பற்றி. இரண்டு, முந்தைய முப்பத்தெட்டும் கனிவாக இருந்தனவா என்பது பற்றி. ஒன்று, முனியன் போனில் கைபட்டுப் போய்விட்ட கட்டைவிரல் படம்.

மூன்றாவது வாரம் பக்தவத்சலம் தாங்க முடியாமல் எழுதினார்: ‘குளிக்காம நாறிக்கினு கீறோம்யா. நீங்க இடைவெளியப் பத்தி பேசிக்கினு கீறீங்க.’

சிவராமன் உடனே பதில் போட்டார். அவர் உடனே பதில் போட்ட ஒரே சந்தர்ப்பம் அது. ‘நாறுதல் என்ற சொல் ஒழுங்குமுறையின் ஏழாம் பிரிவுக்கு எதிரானது. பங்களிப்பாளர் இணக்கப் பயிற்சி முடிக்கும்வரை அவருடைய திருத்தம் நிறுத்தி வைக்கப்படுகிறது.’

பயிற்சி இரண்டு மணி நேரம், கீழே கூட்ட அறையில் நடந்தது. பயிற்சி பெற்றவர் பக்தவத்சலம், அளித்தவர் சிவராமன். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து செல்போனில் வீடியோ மூலம் பேசிக்கொண்டார்கள், ஏனென்றால் பதிவு வேண்டுமாம். குரல் இரண்டு தடவை கேட்டது. முடிவில் சான்றிதழ் கொடுத்தார்கள். பக்தவத்சலம் அதை வாங்கிக்கொண்டு ஒரு பக்கெட் தண்ணீரும் எடுத்துக்கொண்டு மேலே போனார்.

அந்த வாரம்தான் சம்பந்தியம்மா சரசா வந்து சேர்ந்தார். பலகாரம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார். குழாய் புஸ்ஸென்றது. இன்னொரு குழாயையும் திறந்து பார்த்தார். திரும்பி வந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. பச்ச ஒடம்புக்காரியையும் கொழந்தையையும் தண்ணியில்லாத ஊட்டுக்கு எப்படி அனுப்புறது? எங்க ஊட்லயே இருந்துடட்டும். நானே பாத்துக்கறேன்.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் ஜெகதாம்பாளைச் சுட்டது. சம்பந்தி படியிறங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு அழுதார். “ஒரே பொண்ணு. தலைச்சன் பிரசவம். என் கையால தலைக்கு ஊத்தி வுடணும்னு நெனச்சேன். அதுக்குக்கூட எனக்குக் குடுத்து வெக்கல” என்றார். பக்தவத்சலம் மனைவி அழுது அதிகம் பார்த்ததில்லை. அந்தச் சான்றிதழையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். இதை அவரே பிறகு என்னிடம் சொன்னார்.

பொதுக்குழு கூடியது. பொருள்: ‘நேரம் பற்றிய திருத்தம் எண் ஒன்று.’

தேவா எழுந்தார். “இந்தத் திருத்தம் சின்னதா தெரியலாம். ஆனா இதுக்குப் பின்னாடி ஒரு தத்துவம் இருக்கு. ஊற்று எந்த நாட்டுக் கடிகாரத்துக்கும் அடிமை இல்ல. அது உலகப் பொது நேரத்துல ஓடுது. நாளைக்கே பிரேசில்ல ஒரு அபார்ட்மெண்ட் ஊற்றை எடுத்துப் பயன்படுத்தலாம். அங்க ஒருத்தர் குழாயைத் திறக்கும்போது அயனம்பாக்கத்து நேரம் அவர்மேல திணிக்கப்படக் கூடாது. நாம ஒரு குடியிருப்புக்காகச் சிந்திக்கல. மனித குலத்துக்காகச் சிந்திக்கிறோம். குடியிருப்பப் பத்தி யோசிக்கறதுக்கு மன்றத்துக்கு எங்க நேரம்?”

கைதட்டல். பக்தவத்சலம் எழுந்தார்.

“பிரேசில்காரன் வந்தான்னா நான் பதில் சொல்லிக்கறேன் தம்பி. எனக்கு இன்னொரு சந்தேகம். லண்டன்காரன் நாப்பத்தேழுலயே கெளம்பிட்டான். அவன் கடிகாரத்த மட்டும் நாம ஏன் வெச்சுக்கினு கீறோம்?”

“அது அரசியல் அங்கிள். மன்றம் அரசியல் பேசறதில்ல.”

சிவராமன் எழுந்து ஓர் ஆட்சேபணையை முன்வைத்தார். “அவர் எழுதியிருப்பதைப் பாருங்கள். இருபத்து மூன்று முப்பது. அதாவது ராத்திரி பதினொன்றரைக்கு மோட்டார் ஓட வேண்டும் என்கிறார். குழந்தைகள் தூங்கும் நேரம். இதுதான் சமூக அக்கறையா?”

சபீனா எழுந்து அது லண்டன் பதினொன்றரை, இங்கே காலை ஐந்து என்றாள். அந்த விளக்கத்தைத் தனி ஈஷூவாகப் போடும்படி கேட்டுக்கொண்டார்கள்.

பிறகு நேரம் குறித்து ஆராய ‘நேரக் குழு’ ஒன்றை அமைப்பதாகத் தீர்மானம் வந்தது. குழு எப்போது கூடும் என்று தீர்மானத்தில் இல்லை. இருபத்தாறு கைகள் உயர்ந்தன, அதில் என் கையும் ஒன்று. ஏன் தூக்கினாய் என்று கேட்டால் என்னிடம் காரணம் இல்லை. எல்லோரும் தூக்கினார்கள், சமோசா ஆறிக்கொண்டிருந்தது, என் வீட்டில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

கலையும்போது சிவராமன் பெருந்தன்மையோடு சொன்னார். “பிடிக்கலைன்னா நீங்க ஃபோர்க் பண்ணிக்கலாம் சார். யார் தடுக்கறா?”

ஃபோர்க் என்றால் மென்பொருளை அப்படியே நகலெடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போவது. படியேறும்போது பக்தவத்சலம் சபீனாவிடம் விசாரித்தார். “அதுக்கு யாரைக் கேக்கணும்?”

“யாரையும் கேக்க வேணாம் அங்கிள். லைசென்ஸ்லயே இருக்கு. அவங்க தர்ற சுதந்திரம் இல்ல அது, ஏற்கெனவே உங்களோடது.”

“யாரையும் கேக்க வேணாமா?”

“வேணாம்.”

“இதை மொதல்லியே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார் பக்தவத்சலம். அவருக்கு மூச்சு வாங்கியது. கையில் பக்கெட் இருந்தது.

லாவண்யாவுக்கு இரண்டு வாரம் முன்கூட்டியே வலி எடுத்து, பூந்தமல்லியில் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புவார்கள். எந்த வீட்டுக்கு என்பதுதான் கேள்வி. நேரக் குழு இன்னும் தன் முதல் கூட்டத்துக்கான நேரத்தை முடிவு செய்திருக்கவில்லை.

செவ்வாய் மத்தியானம் பக்தவத்சலம் கட்டிலுக்கு அடியிலிருந்து டூல்ஸ் பெட்டியை இழுத்தார். மோட்டார் அறைக்குப் போனார். மென்பொருள் பெட்டியை அவர் தொடவில்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு இரும்புப் பெட்டி அடித்து, அதற்குள் ஒரு சுவிட்சைப் பொருத்தி, அதிலிருந்து மோட்டாருக்கு இணையாக ஒயர் கொடுத்தார். அரை மணி நேர வேலை. முனியன் வாசலைப் பார்த்தபடி பயந்துகொண்டு நின்றார்.

“அண்ணாத்தே, கேட்டா இன்னா சொல்லுவே?”

“தனிக்குடித்தனம் பூட்டேன்னு சொல்லுவேன். லைசென்ஸ்ல கீது.”

மறுநாள் காலை ஐந்து மணிக்கு முனியன் சுவிட்சை மேலே தள்ளினார். மனிதவழி மாற்று ஏற்பாடு ஓய்விலிருந்து திரும்பியது. மூன்றாம் மாடிக் குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. ஜெகதாம்பாள் உடனே சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டார். அவர் எடுத்ததும் போனைக் கொண்டுபோய்க் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்தார். அந்தப் பக்கம் சரசா தூக்கக் கலக்கத்தில் ஒரு நிமிஷம் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, “சரி சம்பந்தி, வியாழக்கிழமை கொண்டாந்து வுடறோம்” என்றார்.

குழந்தை வந்தது. எல்லோரும் போய்ப் பார்த்தோம். மாடிப்படியெல்லாம் வசம்பும் சாம்பிராணியும் மணந்தது. ஜெகதாம்பாள் பத்து வயது குறைந்தவராக நடமாடினார். தேவாகூடப் போய்க் குழந்தைக்குக் கனிவோடு கை காட்டிவிட்டு வந்தார்.

ஆனால் ஊற்று தன் கடமையில் தவறவில்லை. ஐந்து மணிக்கு நிரம்பிய தொட்டியைப் பத்தரைக்கு மறுபடி நிரப்பியது. தண்ணீர் வழிந்து பக்கவாட்டுச் சுவரில் இறங்கி, கண்ணாடி இறக்கி நிறுத்தியிருந்த சிவராமன் காருக்குள் போயிற்று. இது எட்டு நாள் நடந்தது. ஒன்பதாம் நாள் விசாரணை. அறிக்கையின் முதல் வரி எனக்கு மனப்பாடம்: ‘மென்பொருள் முறைப்படி இயங்கியுள்ளது, தண்ணீர்தான் முறை தவறி முன்கூட்டியே தொட்டியில் இருந்துள்ளது.’

பொதுக்குழுவில் தேவா மனம் நொந்து பேசினார். “நாங்க எங்க மென்பொருளோட ஒவ்வொரு வரியையும் உலகத்துக்குத் திறந்து வெச்சிருக்கோம். நீங்க ஒரு இரும்புப் பெட்டியை மாட்டியிருக்கீங்க. உள்ள என்ன இருக்கு? அதோட மூலம் எங்க? இது மூடிய பொருள் அங்கிள். இது சுதந்திரத்துக்கு எதிரானது.”

பக்தவத்சலம் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். எல்லோரையும் மோட்டார் அறைக்குக் கூட்டிப் போய்ப் பெட்டியைத் திறந்தார். “இதான் மூலம். இது செகப்பு ஒயரு, இது கறுப்பு ஒயரு. நல்லா பாத்துக்கங்க.”

“ஆவணம் இல்லையே?” என்றார் சிவராமன்.

பக்தவத்சலம் அன்றைக்கே தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். சபீனா அதைத் தட்டச்சு செய்து எல்லோர் போனுக்கும் அனுப்பினாள். ஒரு தாள் மோட்டார் அறைக் கதவில் ஒட்டப்பட்டது.

‘மேலே தள்ளினால் மோட்டார் ஓடும். கீழே தள்ளினால் நிற்கும். காலை ஐந்துக்குப் போட்டு ஆறுக்கு நிறுத்தவும். யார் வேண்டுமானாலும் போடலாம். பிரித்துப் பார்க்க வேண்டுமானால் பெட்டியின் இடப்பக்கத் தகட்டில் நான்கு திருகுகள். கழற்றினால் கை உள்ளே போகும். சரியில்லை என்றால் மாற்றவும். மாற்றியதை அடுத்தவருக்குச் சொல்லவும். பக்தவத்சலம், ஃபிட்டர்.’

இருபத்தொன்பது கட்டைவிரல்கள் வந்தன. ‘மிக நேர்த்தியான ஆவணம்’ என்று சிவராமன் எழுதினார். அதில் மகிழ்ந்துபோன மன்றம், சுவிட்சை ஊற்றின் ஓர் அங்கமாக உள்வாங்கிக்கொள்ளத் தீர்மானித்தது. உள்வாங்கியபின் அது மன்றத்தின் பொறுப்பு அல்லவா?

“சுதந்திரத்தைக் கண்டபடி வெளியில விட்டுடக் கூடாது,” என்றார் தேவா. “யார் வேணா தொட்டா அது யாருக்குமே இல்லாம போயிடும். அதனால எல்லாரோட சுதந்திரத்தையும் பத்திரமா பூட்டி வெக்கிறோம்.”

பெட்டிக் கதவுக்கு எண் பூட்டு ஒன்று மாட்டப்பட்டது. எண்ணைப் பெற, மூன்று பராமரிப்பாளர்களில் இருவர் இணையத்தில் சம்மதம் தர வேண்டும். மறுபடி கைகள் உயர்ந்தன. மறுபடி நானும் தூக்கினேன்.

ஞாயிறு சாயங்காலம் பூட்டு ஏறியது. ஜெகதாம்பாள் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, “நாளைக்கு கொழந்தைக்கு இன்னா பண்றது?” என்று கேட்டார். “படுத்துத் தூங்கு” என்றார் பக்தவத்சலம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு விஷயமும் நடந்திருந்தது. எங்கள் குடியிருப்பின் மென்பொருள்காரர்களில் பதினொரு பேருக்கு அவரவர் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. வீட்டிலிருந்து வேலை முடிந்தது; திங்கள் முதல் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும். இங்கிருந்து பழைய மகாபலிபுரம் சாலைக்கு ஐந்தரைக்குக் கிளம்பினால்தான் உண்டு. ஆக, திங்கள் காலை நாலு மணிக்கு அத்தனை பேரும் எழுந்து ஷவரைத் திறந்தார்கள். நாலே முக்காலுக்குத் தொட்டி காலி. முதல் தடவையாக என் வீட்டுக் குழாயும் புஸ்ஸென்றது. நான் பக்கெட்டோடு மோட்டார் அறைப் பக்கம் போனேன். அன்றைக்கு என்று கரண்டில் விளக்குக்குப் போகும் ஃபேஸ் மட்டும் போய், மோட்டாருக்குக் கரண்ட் இருந்தும் அறையில் விளக்கு எரியவில்லை.

மோட்டார் அறை வாசலில் தேவா நின்றிருந்தார். இடுப்பில் துண்டு, தலையிலும் முகத்திலும் சோப்பு நுரை, ஒரு கண் மூடியிருந்தது. போனைக் காதில் வைத்திருந்தார். சிவராமன் போன் பத்து மணிவரை தொந்தரவு செய்யாதே நிலையில் இருந்தது. கதவைத் தட்டினால் காதில் பஞ்சு. கனடாக்காரர் எடுத்தார், கடையில் இருப்பதாகவும் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதாகவும் சொன்னார்.

“முனியன், ஏதாவது பண்ணுங்களேன்” என்றார் தேவா.

முனியன் எழுந்து நின்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். “ஈஷூ போட்டியா சார்?”

தேவா போனைக் காதிலிருந்து இறக்கினார்.

“போடு சார். ஒம்போது நாள்ல பதில் வந்துரும்.”

அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பக்தவத்சலம் வந்துகொண்டிருந்தார். கையில் ஸ்க்ரூடிரைவர். மணி சரியாக ஐந்து. எங்கள் யாரையும் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை. பூட்டை ஏறெடுத்தும் பார்க்காமல் பெட்டியின் இடப்பக்கம் போய்க் குனிந்தார்.

“பூட்டு முன்னாடி இருக்கு அங்கிள்” என்றார் தேவா.

“தெரியும் தம்பி. இந்தப் பக்கம் நாலு திருகு கீது. கழட்டினா கை உள்ள போவும்.”

“இது... இது எப்பலேர்ந்து இருக்கு?”

“மொத நாள்லேர்ந்து. எழுதி ஒட்டிக் கீது பாருங்க.” கதவைக் காட்டினார். “தொறந்துதான் வெச்சேன். அத்தினி பேரும் கட்டைவிரல் போட்டீங்க. ஒருத்தர் கூட படிக்கல.”

தேவா சோப்புக் கண்ணைத் துண்டு முனையால் துடைத்துக்கொண்டு, கதவில் ஒட்டிய தாளை வாய்விட்டுப் படித்தார். அவர் அவ்வளவு கவனமாக எதையும் படித்து நான் பார்த்ததில்லை. படித்துவிட்டு, “நானே கழட்டட்டுமா அங்கிள்?” என்று கை நீட்டினார். அந்தக் குரலில் முதல் தடவையாக உண்மையிலேயே கனிவு இருந்தது.

“ஈரக் கைய வெச்சுக்கினு தொடாத. இது நெஜ கரண்ட்டு” என்றார் பக்தவத்சலம். “ஒதுங்கி நின்னு பாத்துக்க. நாளைக்கி நீ கழட்டு.” பிறகு இருட்டில் திருகைத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “ரவி, போன்ல லைட்டு போடு. கைய நல்லா தூக்கிப் புடி.”

நான் தூக்கிப் பிடித்தேன். மூன்றாம் மாடியில் குழந்தை அழ ஆரம்பித்தது. நான்காவது திருகு கழன்றது, தகடு விலகியது, உள்ளே அவர் கை போய்ச் சுவிட்சைத் தள்ளியது. போனைப் பிடித்திருந்தது, எத்தனையோ தீர்மானங்களுக்கு நான் தூக்கிய கை. அன்றைக்குத் தூக்கியதில்தான் தண்ணீர் வந்தது.